பூரட்டாதி நட்சத்திரத்து யூசுப்

சபாரத்தினத்துக்குப் பாரசீக மொழியில் மொத்தம் அறுபத்து மூன்று சொற்கள் தெரியும். அதை அவரே ஒருநாள் ஆறுதலாக இருந்து எண்ணிப் பார்த்தார். அரிசி, பருப்பு, மூட்டை, இறக்கு, தூக்கு, கெதியாக வா, இன்றைக்கு இல்லை, நாளைக்கு வரும், வணக்கம், போய்வருகிறேன். மிச்சம் பெரும்பாலும் கொட்டைகளின் பெயர்கள். இந்த அறுபத்து மூன்றை வைத்துக்கொண்டுதான் அவர் 1991ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் வெம்பிளியில் நாற்பது தமிழர்களை அழவைத்தார்.

அவருக்கு வேலை ஈலிங்கில், நாதேரி என்ற ஈரானியரின் பலசரக்குக் கடையில். மூட்டை இறக்குவது, அடுக்குவது, பழைய சரக்கை முன்னுக்கு இழுத்துப் புதிய சரக்கைப் பின்னுக்குத் தள்ளுவது. முதலாளியும் அவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். நாதேரியின் ஆங்கிலம் ஒரு பக்கத்தால் உடைந்தது, சபாரத்தினத்தின் ஆங்கிலம் மற்றப் பக்கத்தால் உடைந்தது. ஆனாலும் வேலை ஒழுங்காக நடந்தது.

பாரசீகம் தெரியும் என்ற பெயர் வந்ததற்கு வேறு காரணம் உண்டு. எழுபத்தொன்பதில் அவர் ஒரு சரக்குக் கப்பலில் குசினியில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இயந்திரம் பழுதாகி அந்தக் கப்பல் மூன்று வாரம் நின்றது. அவர் கரைக்கு இறங்கியது இரண்டே தரம், இரண்டு தரமும் பல்லுக்கொதிக்கு வைத்தியரைத் தேடி. லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, பேச ஆளில்லாமல் இருந்த காலத்தில், அந்த மூன்று வாரம் மூன்று மாதமானது. வெம்பிளியில் சிவமலர் அக்காவின் வீட்டில் ஓர் அறைக்குக் குடிவந்தபோது அது மூன்று வருடமாக வளர்ந்திருந்தது. "சபா அண்ணைக்குப் பாரசீகம் தண்ணிபட்ட பாடு" என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த வெட்கச் சிரிப்புத்தான் பொய்க்கு முத்திரை குத்தியது என்று பிற்காலத்தில் அவரே சொல்லுவார்.

சிவமலர் அக்காவுக்கு ஒரு சித்தப்பா மகள் இருந்தாள். பெயர் சிவனேஸ்வரி, வயது முப்பத்துநாலு. பார்க் ரோயலில் சான்ட்விச் செய்யும் ஃபாக்டரியில் காலை ஷிப்ட். அவளுடைய ஒரே தம்பியை எண்பத்தாறில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிடித்தார்கள். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு ஆளைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

சபாரத்தினத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அதுவரை பேசிவந்த நாலு கலியாணங்களும் நாலு விதமாகக் குழம்பிப்போயிருந்தன. ஒரு இடத்தில் அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, "இது மாப்பிள்ளையின்ர தகப்பனோ?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவர் எறியாமல் வைத்திருந்தார், எப்போதாவது தலைக்கனம் வந்தால் எடுத்துப் பார்க்க. சிவனேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது அவர் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொள்வார். வீட்டில் எல்லோரும் அவரைச் சபா அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணை என்று அவள் வாயில் வராத ஒவ்வொரு ஞாயிறையும் அவர் வெற்றிக் கணக்கில் சேர்த்தார்.

மே மாதத்தில் ஒரு மழை ஞாயிறு. வீடியோக் கடையிலிருந்த தமிழ்ப் படமெல்லாம் எல்லோரும் பார்த்து அலுத்துப் போயிருந்தார்கள். சபாரத்தினம் நாதேரியிடம் வாங்கிவந்த ஒரு கசட்டை டெக்கில் தள்ளினார். தெஹ்ரான் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு தொடர் நாடகம், யாரோ பதிவு செய்து அனுப்பியது. மொத்தம் பன்னிரண்டு கசட். அங்கிருந்து வருகிறவர்களின் பெட்டியில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்து ஒன்றும் கீழே ஓடாது.

முதல் காட்சி ஒரு மலைப்பாதை. சீருடைக்காரர்கள் ஒரு லொறியை மறிக்கிறார்கள். சனங்களை இறக்கி வரிசையில் விடுகிறார்கள். மூட்டைகளை அவிழ்த்து நிலத்தில் கொட்டுகிறார்கள். தடித்த மீசையுள்ள ஓர் அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அறையில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள்.

"சபா அண்ணை, என்னவாம் கேக்கினம்?" என்றார் சிவமலர் அக்காவின் புருஷன் இராஜேந்திரன்.

சபாரத்தினத்துக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் சாவடியில் அடையாள அட்டையை விட்டால் வேறு என்ன கேட்பார்கள்?

"ஐசியைக் காட்டட்டாம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அதே நேரம் வரிசையின் கடைசியில் நின்ற ஓர் இளைஞன், தோளில் பையோடு, பள்ளத்துக்குள் சறுக்கி ஓடினான். பின்னால் வெடிச்சத்தம். "ஓடு, ஓடு!" என்று அறை முழுக்கக் கத்தியது. அந்த நிமிஷத்திலேயே கதாநாயகன் யார், துரோகி யார் என்பது முடிவாகிவிட்டது. அதற்கு அறுபத்து மூன்று சொல்கூடத் தேவைப்படவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும், சீருடை போட்டவன் நல்லவனாக இருக்கலாம் என்று நினைப்பு ஓடவேயில்லை. சபாரத்தினத்துக்கும்தான்.

பைக்குள் என்ன இருந்தது என்பது இரண்டாவது கசட்டில் தெரியவந்தது, அதாவது சபாரத்தினம் கண்டுபிடித்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் நின்று வெள்ளைப் பொடியை நிறுத்துச் சிறு பைகளில் போட்டார். மருந்து! ஊரில் அப்போது மருந்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் தடை. "பாத்தியளே, அங்கையும் இதே கதைதான். அரசாங்கம் தடை போட்டிருக்கு, பொடியள் உயிரைக் குடுத்து மருந்து கொண்டு போறாங்கள்" என்று அவர் சொன்னபோது ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. அடுத்த காட்சியில் ஓர் இருண்ட அறை. அதில் ஏழெட்டுப் பேர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டும் வேர்த்துக்கொண்டும் கிடந்தார்கள். கதவு திறந்து பை வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, ஒருவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிப் புன்னகைத்தான்.

வெம்பிளியில் கைதட்டல். சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவளை அழவைத்த பெருமையில் சபாரத்தினத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சனம் பெருகியது. சவுத்தாலிலிருந்து ஒரு குடும்பம், மோர்டனிலிருந்து சேஷாத்ரி என்ற தமிழ்நாட்டு எஞ்சினியர், இன்னும் யார் யாரோ. இராஜேந்திரன் எங்கிருந்தோ மடக்குக் கதிரைகள் கொண்டுவந்தார். சபாரத்தினம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் குடையோடு நின்று, குடை நுனியால் ஆளைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். அவர் சொல்வதைப் படத்தில் உள்ளவர்கள் எதிர்த்துச் சொல்ல முடியாது என்பது அந்தத் தொழிலில் உள்ள பெரிய வசதி. ஒருமுறை ஆறாவது கசட் வருமுன் ஏழாவது வந்துவிட்டது. அதை முதலில் போட்டார்கள். அதில் செத்துப்போன கிழவர் ஒருவர் அடுத்த ஞாயிறு ஆறாவதில் எழும்பி நடந்துவந்து தேத்தண்ணி குடித்தார். நாற்பது முகங்களும் சபாரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தன. "இவர் அவற்ற தம்பி. இரட்டைப் பிள்ளையள்" என்றார் அவர், கண்ணை இமைக்காமல். சேஷாத்ரி மட்டும், "ஆமா, மூக்கு கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

பள்ளத்தில் சறுக்கி ஓடிய அந்த இளைஞனின் பெயர் யூசுப். அது ஒன்றுதான் சபாரத்தினம் நிச்சயமாகக் காதால் கேட்ட விஷயம். ஒரு ஞாயிறு, எல்லோரும் போனபின் சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்றாள்.

"அந்தப் பொடியனுக்கு என்ன நட்சத்திரம்?"

"ஆருக்கு?"

"யூசுப்புக்கு. விம்பிள்டன் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்கலாமெண்டு பாத்தன். நட்சத்திரம் இல்லாமல் எப்பிடி?"

அது நாடகம், நடிகர், சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடுகிறான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது தெரியாதது அல்ல. ஆனால் அவள் கேட்டது அவரிடம், அதுவும் தனியாக, அதுவும் அண்ணை என்று சொல்லாமல். சபாரத்தினத்தின் மூளை அந்த இடத்தில் லீவு போட்டது.

"பூரட்டாதி" என்றார். அது அவருடைய சொந்த நட்சத்திரம். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஐயர் மறு வெள்ளிக்கிழமை, பூரட்டாதி நட்சத்திரத்து யூசுப்புக்குக் குறைவில்லாமல் அர்ச்சனை செய்துவைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

எட்டாவது கசட் முடிந்த கிழமை சிவமலர் அக்கா அவரை மறித்தாள். "சபா, நான் அவளிட்டை உம்மைப் பற்றிக் கதைச்சனான்" என்றாள்.

"அவ என்ன சொன்னவ, அக்கா?"

"மாட்டனெண்டு சொல்லேல்லை. அந்தப் பொடியன்ர கதை முடியட்டுமாம். அவன் தப்பினானோ இல்லையோ எண்டு தெரியாமல் தன்னால வேறையொண்டும் யோசிக்க ஏலாதாம். விசர்க்கதை. ஆனாலும் நீர் கெதியா மிச்சக் கசட்டுகளைக் கொண்டு வாரும்."

அன்றிரவு அவர் தன் வருங்காலத்தை நினைத்துப் பார்த்தார். அது தெஹ்ரானில் யாரோ ஒருவருடைய பெட்டிக்குள், நாலு கசட்டுகளாகக் கிடந்தது.

ஒன்பதாவது வரப் பிந்தியது. சபாரத்தினம் நாதேரியை ஒவ்வொரு காலையும் நச்சரித்தார். தன்னுடைய நாட்டு நாடகத்தில் தன் வேலையாளுக்கு இவ்வளவு மோகமா என்று நாதேரி பூரித்துப்போனார். கசட் வந்த அன்று கையில் கொடுத்துவிட்டு, பிஸ்தா மூட்டையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அந்தக் காப்டனைப் பிடித்திருக்கிறதா உனக்கு? நல்ல மனிதன். நல்ல போலீஸ்காரன்."

"எந்தக் காப்டன்?"

"மீசை வைத்தவர். கடத்தல்காரர்களைத் துரத்துகிறவர்."

கடத்தல் என்ற சொல்லுக்குச் சபாரத்தினம் அசையவில்லை. அவர் வடமராட்சிக் கரையில் பிறந்தவர். அவருடைய சின்ன வயதில் அங்கே கடத்தல் என்றால் வள்ளத்தில் வரும் சேலையும் சவர்க்காரமும்தான், கடத்தல்காரர் என்றால் கோவில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கும் பெரிய மனிதர். "மருந்துதானே கடத்துகிறார்கள்?" என்றார்.

நாதேரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஹெரோயின்" என்றார்.

"அந்த நோயாளிகள்..."

"நோயாளிகளா? அந்தப் பொடி இல்லாமல் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார்கள். என்னுடைய தம்பி ஷீராஸில் அப்படித்தான் ஓர் அறையில் கிடந்தான். இருபத்தாறு வயது. கதவைத் திறந்து பையைக் கொடுத்தவனும் யூசுப் மாதிரி ஓர் அழகான பையன்தான்." நாதேரி பிஸ்தாவில் இரண்டைக் கையில் எடுத்து, உடைக்காமல் திரும்பப் போட்டார். பிறகு தராசைத் துடைக்கப் போனார்.

சபாரத்தினம் பின்னறைக்குப் போய் அரிசி மூட்டையில் இருந்தார். நாற்பது தமிழர்களைக் கொண்டு ஹெரோயினுக்குக் கைதட்டுவித்திருக்கிறார். பிள்ளையாரைக்கூட விடவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மூட்டையில் இருந்து அவர் முதலில் நினைத்தது நாதேரியின் தம்பியை அல்ல. முதலில் நினைத்தது சிவனேஸ்வரியை, இனி அவள் தன்னைத் திரும்பியும் பார்க்கமாட்டாள் என்பதை. தம்பியின் நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த முன்பின் ஒழுங்குக்காக அவர் பல வருடம் வெட்கப்பட்டார்.

பத்தாவதும் பதினோராவதும் எப்படிப் போனதென்று அவருக்கு நினைவில்லை. குடை நுனி தடுமாறியது. "மலை... ஓடுறாங்கள்... குதிரை" என்று கண்ணுக்குத் தெரிவதையே சொன்னார். "என்ன அண்ணை, இண்டைக்குக் கதை பிரேக் பிடிக்குது" என்று இராஜேந்திரன் முறைப்பட்டார். கடைசிக் கசட்டை அவர் கடையின் பின்னறையில் முன்கூட்டியே போட்டுப் பார்த்தார். முடிவைக் கண்டார். கண்டபின் ஒரு திட்டம் போட்டார்: காலில்தான் காயம் என்று சொல்லுவது, ஆஸ்பத்திரியில் சுகப்படுத்தி விடுவார்கள் என்று முடிப்பது, உடனே டெக்கை நிற்பாட்டிவிட்டு சுடச்சுட ரோல்ஸைப் பரிமாறுவது. இருபது வருடத்தில் அவர் போட்ட திட்டங்களில் இதுதான் சிறந்தது என்று அப்போது பட்டது.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. மாடிப்படியிலும் சனம். சிவனேஸ்வரி முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வறண்டுபோன ஓர் ஆற்றுப்படுக்கை. யூசுப் பையோடு ஓடுகிறான். மீசைக்காரர் தனியாகத் துரத்துகிறார். நிற்கச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுகிறார். பிறகு சுடுகிறார். யூசுப் விழுகிறான்.

அறையில் ஒரு ஓலம்.

"காயம்தான்" என்றார் சபாரத்தினம். "கால்ல."

"கண் திறந்தபடி கிடக்கிறானே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மயக்கம்."

"கண்ணைத் திறந்துகொண்டு மயக்கமோ?"

படத்தில் மீசைக்காரர் வந்து யூசுப்பைப் புரட்டினார். தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தார். இடுப்பிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கைலேஞ்சியை நனைத்து, அந்தப் பொடியனின் முகத்தில் அப்பியிருந்த மண்ணை மெதுவாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். அழுதார்.

சிவனேஸ்வரி தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சபாரத்தினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையாச் சொல்லுங்கோ" என்றாள். "அவன் இருக்கிறானோ இல்லையோ?"

ஆஸ்பத்திரிக் கதை நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அவள் நம்புவாள் என்று அவருக்குத் தெரியும். நம்பினால் கலியாணம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வாய் அவருக்கு உதவி செய்ய மறுத்தது.

"செத்துப்போனான்" என்றார். "இன்னுமொண்டு சொல்லோணும். அவன் கொண்டுபோனது மருந்தில்லை. தூள். ஹெரோயின். அந்தப் பொலிஸ்காரன்தான் கதாநாயகன். நான் எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லிப்போட்டன். எனக்குப் பாஷை தெரியாது. பந்தர் அப்பாஸில நிண்டது மூண்டு கிழமை, அதுவும் பல்லுக்கொதியோட."

எல்லாச் சத்தமும் சேர்ந்து வந்தது. "அப்ப நாங்கள் கைதட்டினது தூளுக்கோ?" என்று இராஜேந்திரன் எழும்பினார். "ஒவ்வொரு ஞாயிறும் மோர்டன்லேருந்து ரயில் மாறி மாறி வந்தேனே!" என்றார் சேஷாத்ரி. பிறகு, "அப்போ அந்த இரட்டைப் பிறவி?" என்று கேட்டார். சபாரத்தினம் தலையைக் குனிந்தார். சிவமலர் அக்கா குசினிக்குள் போய் ரோல்ஸ் தட்டை மூடிவைத்தாள். அதுதான் அவருக்குக் கிடைத்த மிகக் கடுமையான தண்டனை, எல்லோருக்கும் பசி.

சிவனேஸ்வரி மட்டும் இப்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொலிஸ்காரன் என்ன சொல்லுறான்?"

"தெரியாது."

"ஏன் அழுறான்?"

"அதுவும் தெரியாது."

"முகத்தைத் துடைச்சு விடுறான்" என்றாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்ல அடங்கினார்கள். "அப்பிடிச் செய்யிற பொலிசும் இருக்கினமோ?"

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். சபாரத்தினம் குடையை மூலையில் சாத்தினார். ஐந்தாவது கலியாணமும் குழம்பியது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இந்தமுறை பழியைப் படத்தின்மேல் போட வழியில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் பருப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கடைக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள், தலையில் ஃபாக்டரித் தொப்பியின் பட்டி அழுத்திய தடம் இருந்தது. நாதேரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நாசூக்காக உள்ளே போனார். அவள் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். என்ர தம்பி இருக்கிறானோ?"

சபாரத்தினத்துக்குப் பருப்புப் பை கையிலிருந்து நழுவியது. ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாய்க்கு வந்தன. இருப்பான், எங்கேயாவது முகாமில் இருப்பான், கட்டாயம் வருவான். பிழைப்பு நடத்திய வாய் அல்லவா. அவர் அத்தனையையும் விழுங்கினார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

அவள் விழுந்த பருப்புப் பையைக் குனிந்து எடுத்து அடுக்கில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அஞ்சு வருசமா எல்லாரும் எனக்குக் கதை சொல்லுகினம். ஒருத்தர் கொழும்பில கண்டவராம். ஒருத்தர் பூசா முகாமில கண்டவராம். சாத்திரி சொல்லுறார் கிழக்குத் திசையில இருக்கிறானாம், தாடி வளத்திருக்கிறானாம். மாமி கனவில கண்டவவாம். நானும் எல்லாத்தையும் நம்பி நம்பி... எனக்குக் களைச்சுப்போச்சு. தெரியாதெண்டு ஒரு மனிசர் சொல்லேல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"கலியாண எழுத்துக்கு ஒரு நாளைப் பாருங்கோ" என்றாள். "ஆனா இனிமேல் தெரியாததைத் தெரியாதெண்டுதான் சொல்லோணும். கோவமெண்டாலும், அழுகையெண்டாலும்."

"ஓம்" என்றார் சபாரத்தினம். உடனே போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் எழுத்து நடந்தது. சாட்சிக் கையெழுத்து நாதேரி. அதற்கு முதல் நாள் சபாரத்தினம் அவரிடம் முழுவதையும் ஒப்புக்கொண்டார், கைதட்டிய கதை உட்பட. நாதேரி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். கலியாணத்துக்குப் பிறகு சபாரத்தினம், இனியாவது ஒழுங்காகப் படிப்போம் என்று நாதேரியின் மனைவியிடம் ஆறு மாதம் பாரசீகம் படித்தார். சொற்கள் தொண்ணூற்றொன்றுக்கு வந்தன. அதற்குமேல் ஏறவில்லை. வெம்பிளியில் அவரைக் கண்டால் இன்றைக்கும் யாராவது, "சபா அண்ணை, யூசுப் எப்பிடி?" என்று கேட்பார்கள். "பூரட்டாதிக்கு இந்த வருசம் சரியில்லை" என்பார் அவர்.

வீட்டுக்குள் அந்த ஒப்பந்தம் நிலைத்தது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும், ஒவ்வொரு டெலிபோனுக்கும் பிறகு சிவனேஸ்வரி அதே கேள்வியைக் கேட்பாள். அவர் அதே பதிலைச் சொல்லுவார். அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஊரில் எத்தனையோ நடந்தது, சனம் இடம்பெயர்ந்தது, கடிதங்கள் நின்றன, திரும்ப வந்தன. அந்தப் பதில் மாறவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை. வவுனியாவிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் டெலிபோன் எடுத்திருந்தார். ஊர்ப்பக்கம் ஒரு வெட்டவெளியில் புதைகுழிகள் இருப்பதாகச் சனம் கதைக்கிறது என்று சொன்னார். சிவனேஸ்வரி ரிசீவரை வைத்துவிட்டு வந்து, மகளுடைய பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைக்க இருந்தாள். ஊசியில் நூல் ஏறவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். சபாரத்தினம் வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தார்.

"தம்பி இருக்கிறானோ?" என்று கேட்டாள், நிமிராமல்.

அவருக்கு அவள்மேல் இருந்த அன்பு அந்த இடத்தில் அவரை ஏமாற்றிவிட்டது.

"இருப்பான், சிவனேசு" என்றார். "கட்டாயம் இருப்பான்."

அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். மெல்ல நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களுமோ?" என்றாள்.